எல்டன் வோஸின் நாலு அங்குலம்

எல்டன் வோஸ் மைதானத்தில் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்துவாரா என்று எங்கள் வெல்ட்ஹாமில் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். கத்துவார் என்று கட்டியவர்கள் எல்லாரும் இருபத்திரண்டு வருஷம் தொடர்ந்து தோற்றார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சோளக் கொல்லைகளுக்கு நடுவே கிடக்கிற டச்சுக்காரர் ஊர் இது. இங்கே பேச்சில் சிக்கனம் பெரிய அதிசயமில்லை. ஆனால் எல்டனுடைய சிக்கனம் எங்களுக்கே கொஞ்சம் அதிகம்.

பண்ணை வீடுகளின் செப்டிக் டேங்கைக் காலி செய்வது அவர் தொழில். பச்சை லாரி ஒன்று வைத்திருந்தார். ஒரு வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்த்தவனுக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரியாதது என்று ஒன்றும் மிச்சமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்து, மதுவின் வாசனையே ஆகாது என்று முகம் சுளிக்கிற பெரிய மனிதர்களின் தொட்டியில் விஸ்கி பாட்டில் மூடிகள் மிதக்கும். எல்டன் பார்ப்பார். குழாயைச் சுருட்டி லாரியில் மாட்டுவார். "இனி மூணு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அதனால் ஊருக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. வாய் திறக்காத மனிதனை யாருக்குத்தான் பிடிக்காது?

அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களில் சங்கிலி வேலைக்கு வைத்திருந்தார்கள். காலால் உதைத்து ஆடுகிற ஃபுட்பால் இல்லை இது, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். ஆட்டத்தில் ஓர் அணி நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி, இல்லையென்றால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தைக் காட்டுவதற்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு சங்கிலி. அதன் இரண்டு முனையிலும் இரண்டு கம்புகள். பின்கம்பை மருந்துக்கடைக்காரர் பிடிப்பார். முன்கம்பு வெர்லின் கூப் என்பவனிடம். வெர்லின் எல்டனுடைய மனைவி ஆர்லிஸின் தம்பி, டிராக்டர் ரிப்பேர் செய்கிறவன். எத்தனையாவது முயற்சி என்று எண் காட்டுகிற கம்பு பள்ளிக்கூட பஸ் டிரைவரிடம். எல்டனுக்குக் கம்பு கிடையாது. அவர் கையில் இருந்தது ஒரு கிளிப்.

பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லாத வேலை. மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். கோட்டின் அகலம் நாலு அங்குலம். சங்கிலியை விரித்ததும், பின்கம்புக்கு அடுத்தாற்போல் வருகிற வெள்ளைக்கோட்டின் பின் ஓரத்துக்கு நேராக, சங்கிலியில் கிளிப்பை மாட்ட வேண்டும். பின் ஓரம் என்றால், ஆடுகிற அணி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து ஓரம். பந்து பத்து கெஜத்தைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ரெஃப்ரி விசில் ஊதிக் கூப்பிடுவார். நால்வரும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடுவார்கள். எல்டன் அதே கோட்டின் பின் ஓரத்தில் கிளிப்பை வைத்து அமுக்குவார், முனைக்கம்புக்காரர்கள் இருவரும் இழுத்துப் பிடிப்பார்கள். முன்கம்பைப் பந்தின் மூக்கு தொட்டால் வாழ்வு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது வெர்லினின் கம்பைத்தான். ஆனால் அந்தக் கம்பு எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது எல்டனின் கட்டைவிரல். இது அந்த நால்வரையும் நடுவர்களையும் தவிர யாருக்கும் தெரியாது.

சங்கிலிக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள்தான், கல்லூரி கூப்பிட்டு வைத்த ஆட்கள்தான். ஆனால் விசில் ஊதிய நிமிஷத்திலிருந்து அவர்களுக்கு ஊர் கிடையாது. கை தட்டக்கூடாது, கத்தக்கூடாது, முகத்தில்கூட எதுவும் தெரியக்கூடாது. போதாததற்கு அவர்கள் நிற்கும் இடம் வெளியூர் அணியின் பெஞ்சுக்குப் பக்கத்தில். வெளியூர் கோச்சுகள் எங்கள் பையன்களைத் திட்டுகிற திட்டையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். வெர்லினுக்கு அது முடியாது. அவன் உள்ளுக்குள் நீலக் கால்சட்டை போட்டுக்கொண்டு வருவான், நீலம் எங்கள் கல்லூரியின் நிறம். "யாருக்குத் தெரியப் போவுது மச்சான், ஆண்டவனுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்பான். எல்டன் வெறும் சாம்பல் நிறச் சட்டை, மேலே நடுவர்கள் கொடுக்கிற கோடு போட்ட மேலுடுப்பு. அவ்வளவுதான்.

அவர் மௌனமாக நிற்பதற்கு அந்த இருபத்திரண்டு வருஷத்தில் பெரிய சிரமம் எதுவும் இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கத்துவதற்கு ஏதாவது இருந்தால்தானே? ஒரு வருஷம் பத்து ஆட்டத்தில் ஒன்று ஜெயிப்போம். ஒரு வருஷம் அதுவும் கிடையாது. எங்கள் பிரின்சிபாலே ஒரு தடவை நன்றிப் பிரார்த்தனையில், "யாருக்கும் எலும்பு முறியாமல் காத்ததற்காக" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு தொண்ணூற்று நாலாம் வருஷம் வந்தது.

இன்றைக்கும் யோசித்துப் பார்த்தால் எப்படி நடந்தது என்று தெரியவில்லை. கோச் பெட்ரி அதே கோச்தான். அதே மூன்று உத்திகள்தான். பையன்களும் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வந்த அதே மாதிரிப் பையன்கள்தான், கோடையில் வைக்கோல் கட்டு தூக்கித் தோள் அகன்றவர்கள். ஆனால் அவர்களில் ஒருவன் கர்ட் யான்சன். கடைசி வருஷ மாணவன். பெரிய வேகம் கிடையாது. ஆனால் பந்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தான் என்றால் மூன்று பேர் தொங்கினாலும் இழுத்துக்கொண்டு இரண்டு கெஜம் போவான். வாசலைத் தாண்டுகிற கன்றுக்குட்டிக்கு எவ்வளவு பிடிவாதமோ அவ்வளவு பிடிவாதம்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஜெயித்தபோது லோயிஸ் தன் ஓட்டல் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி 3–0 என்று எழுதினாள், மூன்று வெற்றி, தோல்வி இல்லை. லோயிஸின் ஓட்டல்தான் எங்கள் ஊரின் பாராளுமன்றம், சபாநாயகர் அவள். உதிர்த்த மாட்டிறைச்சியை வேகவைத்துப் பன்னுக்குள் திணித்துக் கொடுப்பாள், கூடவே யாருக்கும் வேண்டாத அபிப்பிராயமும் கொடுப்பாள். ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் பிறகு சங்கிலிக்காரர்கள் நால்வருக்கும் அங்கே இலவசச் சாப்பாடு, ஜன்னலோர மேஜை. அது அவள் அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம்.

அக்டோபரில் சோள அறுவடை. அந்த வருஷம் அறுவடை இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஜனங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். மழை வரும் என்று தெரிந்தும் சோளத்தைக் கொல்லையில் விட்டுவிட்டு வந்தார்கள். கரும்பலகை 6–0 ஆயிற்று, 7–0 ஆயிற்று. எல்டன் தொட்டி அள்ளப் போகிற வீடுகளிலெல்லாம் இதே பேச்சு. "கிட்ட நின்னு பாக்கறவராச்சே, சொல்லுங்க, கர்ட் எப்படி?" என்று கேட்பார்கள். "பந்தைக் கீழ போடறதில்ல" என்பார் எல்டன். அவர் வாயிலிருந்து அது கவிதைக்குச் சமம்.

ஆர்லிஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். எட்டாவது ஆட்டம் முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் எல்டன் சமையலறையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தவர், கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? முதுகு வலியா?"

"இல்ல. ரொம்ப நல்லா ஆடறானுங்க, ஆர்லிஸ்."

"அதுக்கு யாராவது இப்படி இடிஞ்சு போய் உக்காருவாங்களா?"

"உள்ளேயே வெச்சுக்கிட்டு நிக்க முடியல. நெஞ்சு வெடிச்சிடும் போலருக்கு."

"கத்திட்டுப் போயேன். ஜெயில்லயா போடுவாங்க?"

"கத்தக்கூடாது" என்றார் எல்டன். ஆர்லிஸ் சிரித்தாள். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியும், இந்த மனிதனைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பத்தாவது ஆட்டம், கடைசி ஆட்டம், நவம்பர் பன்னிரண்டு, எங்கள் மைதானத்தில். கரும்பலகையில் 9–0. எதிரே செயின்ட் ஆல்ரிக் கல்லூரி. ஜெயித்துவிட்டால் பத்துக்குப் பத்து. அதற்கப்புறம் தேசியச் சுற்றுக்கு அழைப்பு வரும் என்று பேசிக்கொண்டார்கள். மூவாயிரம் பேர் இருக்கிற ஊரில் மூவாயிரத்து நூறு பேர் மைதானத்தில் இருந்தார்கள். காலையில் தூறல் போட்டு நின்றிருந்தது. தரை சதசதவென்று இருந்தது.

கடைசிக் கால்பகுதி. நாங்கள் 17, அவர்கள் 14. மூன்று நிமிஷம் மிச்சம். பந்து எங்களிடம், ஆனால் எங்கள் எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில். கர்ட் பந்தை வாங்கினான், நடுவே புகப் பார்த்தான், வழியில்லை என்று தெரிந்ததும் ஓரமாக ஒதுங்கினான், சங்கிலிக்காரர்கள் நிற்கிற ஓரத்துக்கே வந்தான். ஒருவனை உதறினான். இன்னொருவனை உதறினான். எல்டனுக்கு மூன்றடி தூரத்தில், சேறு தெறிக்க, மூச்சு இரைக்கிற சத்தம் கேட்க, ஓடினான்.

எல்டன் கத்திவிட்டார். "ஓடுடா! ஓடுடா கர்ட், ஓடு!" என்று கத்திக்கொண்டே அவனோடு தானும் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கோட்டுக்கு வெளியே அவனுக்கு இணையாக ஓடினார். கூட்டம் போட்ட கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பந்தயக்காரர்களாவது சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

இருபத்தாறு கெஜம் ஓடிக் கர்ட் விழுந்தான். மறுபடி நாலு முயற்சி கிடைத்தாயிற்று. சங்கிலி அந்த இடத்துக்கு வந்து விரிந்தது. எல்டன் ஓடின வேகத்தில் இடத்தைத் தாண்டிப் போயிருந்தார். திரும்பி வந்து மண்டியிட்டுச் சங்கிலியிலிருந்து கிளிப்பைக் கழற்றிப் புது இடத்தில் மாட்டினார், எழுந்தார். முகம் சிவந்திருந்தது. லைன்ஸ்மேன், அதாவது அந்த ஓரத்தைக் கவனிக்கிற நடுவர், அவரை ஒரு பார்வை பார்த்தார். எல்டன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

அடுத்த மூன்று முயற்சியில் ஒன்பது கெஜம். நாலாவது முயற்சி, ஒரே ஒரு கெஜம் வேண்டும். பந்தைத் தூர உதைத்துவிட்டுத் தற்காத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். கோச் பெட்ரி உதைக்கவில்லை. கர்ட்டிடமே கொடுத்தார். கர்ட் குவியலின் மேல் பாய்ந்தான், குவியலோடு சரிந்தான். எழுந்து பார்த்தால் பந்து கம்புக்கு நேராகக் கிடக்கிறது. தொட்டதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. ரெஃப்ரி சங்கிலியைக் கூப்பிட்டார்.

நால்வரும் ஓடினார்கள். எல்டன் கோட்டின் பின் ஓரத்தில் கிளிப்பை வைத்து அமுக்கினார். மருந்துக்கடைக்காரர் பின்னால் இழுத்தார். வெர்லின் முன்னால் இழுத்துக் கம்பை நட்டான். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி இரண்டு விரல் நின்றது. ரெஃப்ரி கையை முன்னால் நீட்டினார். மைதானம் அதிர்ந்தது. இனி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்தால் போதும். பத்துக்குப் பத்து.

அளந்து முடிந்ததும் ஓரத்துக்குத் திரும்பிக் கிளிப்பைக் கழற்றிப் புது இடத்தில் மாட்ட வேண்டும். எல்டன் கிளிப்போடு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர், முதலில் மாட்டிய இடத்தைப் பார்த்தார். ஈரத்தரையில் அவருடைய முழங்கால் பதிந்த குழி தெளிவாக இருந்தது. அது கோட்டுக்கு முன்பக்கம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் கோட்டுக்குப் பின்னாலிருந்து வருவார், பின்னால் மண்டியிடுவார், தனக்குப் பக்கத்திலிருக்கிற ஓரத்தில் மாட்டுவார். அதுதான் பின் ஓரம். கை தானாகச் செய்யும், யோசிக்கத் தேவையில்லை. அன்றைக்குக் கத்திக்கொண்டே ஓடித் தாண்டிப் போனதால் முன்னாலிருந்து திரும்பி வந்தார். முன்பக்கம் மண்டியிட்டார். கை வழக்கம்போலத் தனக்குப் பக்கத்து ஓரத்தில் மாட்டிவிட்டது. அது முன் ஓரம். மாட்டியது முன் ஓரத்தில், அளக்கும்போது வைத்தது பின் ஓரத்தில். சங்கிலி முழுவதும் நாலு அங்குலம் பின்னால் நகர்ந்துவிட்டது. பந்து இரண்டு விரல் தாண்டி நின்றதே, அது உண்மையில் தாண்டவே இல்லை.

எல்டன் அப்படியே நின்றார். கட்டைவிரல் கிளிப்பின் மேல் இருந்தது. அழுத்தினால் திறந்துவிடும். திறந்துவிட்டால் இந்த உலகத்தில் யாரும், எந்தக் காலத்திலும், எதையும் நிரூபிக்க முடியாது.

"கழட்டு மச்சான், கழட்டு! என்ன கனவு காண்றே?" என்றான் வெர்லின். வாய் காதுவரை சிரிப்பு.

எல்டன் தரையைக் காட்டினார். வெர்லின் பார்த்தான். இருபத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்தவனுக்கு ஒரு முழங்கால் குழியைப் படிக்கத் தெரியாதா? சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் கிட்டே வந்தான், பூட்ஸ் காலால் அந்தக் குழியை மிதித்துத் தேய்த்தான்.

"எல்டன். கிளிப்பை எடு. நான் ஒண்ணும் பாக்கல. நீயும் பாக்கல."

"நாலு அங்குலம், வெர்லின்."

"ஊரே ஒரு தலைமுறையா காத்துக்கிட்டிருக்கு. உன் நாலு அங்குலத்தைக் கொண்டுபோய் லாரியில போடு. நீ வாயே திறக்காதவன். இன்னைக்கும் திறக்காதே. அவ்வளவுதான் கேக்கறேன்."

அந்த நிமிஷத்தைப் பற்றி எல்டன் பிற்பாடு ஆர்லிஸிடம் சொன்னார். வெர்லின் கேட்டதில் நியாயம் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லையாம். எத்தனை வீட்டு விஷயத்தை மூடிவைத்திருக்கிறோம், இதையும் மூடினால் என்ன என்று நினைத்தாராம். ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் வீட்டுத் தொட்டி. இது தன் கை செய்தது. பத்தடி தள்ளிச் செயின்ட் ஆல்ரிக் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நின்றார்கள். ஒருவன் அழுதுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அந்த முகமும் பழக்கமான முகம்தான்.

அவர் லைன்ஸ்மேனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "சார். கிளிப்பை நான் தப்பா மாட்டிட்டேன்."

லைன்ஸ்மேன் ரெஃப்ரியைக் கூப்பிட்டார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கிளிப் சங்கிலியிலேயே இருந்தது. மறுபடி ஓடினார்கள். இந்தத் தடவை முன் ஓரத்தில் வைத்து இழுத்தார்கள். வெர்லின் கம்பை நட்டான். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே ஓர் இடைவெளி. ஒரு கட்டைவிரலைப் படுக்கவைத்தால் இரண்டு தடவை வைக்கலாம். ரெஃப்ரி கையை எதிர்ப்பக்கம் காட்டினார்.

மூவாயிரத்து நூறு பேர் ஒன்றாகச் சேர்ந்து மௌனமானால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூச்சல் அப்புறம் வந்தது. செயின்ட் ஆல்ரிக் பந்தை வாங்கி, தத்தித் தத்தி முன்னேறி, நாலு நொடி மிச்சமிருக்கும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தார்கள். 17–17. அந்தக் காலத்தில் சமன் என்றால் சமன்தான், கூடுதல் நேரம் கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. தாழியை உடைத்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நால்வரும் வழக்கம்போல லோயிஸின் ஓட்டலுக்குப் போனார்கள். ஜன்னலோர மேஜையில் மூன்று தட்டு இருந்தது. எல்டன் அதைப் பார்த்தார். தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார், வெளியே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வெர்லின் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேசியச் சுற்றுக்கான தொலைபேசி அழைப்பு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கரும்பலகையில் 9–0–1 என்று ஏறியது, கடைசி ஒன்று அந்தச் சமன். கல்லூரியின் நூறு வருஷ வரலாற்றில் அதைவிட நல்ல பருவம் இருந்ததில்லை, தோல்வியே இல்லாத ஒரே பருவம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பதைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு எல்டன் என்று பெயரும் வைத்தார்கள். "ஒன்பது ஜெயிச்சோம், ஒரு எல்டன்" என்பார்கள். பாஸ்டர் வேறு அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், நேர்மையைப் பற்றி நாற்பது நிமிஷம் புகழ்ந்தார். அதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம். மொத்தச் சபையும் எல்டனுடைய பிடரியை முறைத்தது.

குளிர்காலத்தில் லாரிக்கு வேலை குறைந்தது. சிலர் முப்பது மைல் தள்ளியிருக்கிற ஆளை வரவழைத்துத் தொட்டி அள்ளிக்கொண்டார்கள். காசு கூடுதலாகக் கொடுத்தாவது கோபத்தைக் காட்டுவது எங்கள் ஊரில் ரொம்ப அபூர்வம், அதிலிருந்து கோபத்தின் ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நன்றி நவிலல் நாள் விருந்துக்கு வெர்லின் குடும்பத்தோடு வந்தான். "குழம்பை இந்தப் பக்கம் தள்ளு" என்று ஒரு தடவை சொன்னான். அன்றைக்கு முழுவதும் எல்டனிடம் அவன் பேசியது அவ்வளவுதான்.

எல்டனை அறுத்தது இதெல்லாம் இல்லை. கடைத்தெருவில் ஒருவர், "நீ எப்பவும் நம்ம பக்கம் இருந்ததே இல்ல, எல்டன். ஒரு நாளாவது கை தட்டியிருக்கியா?" என்று கேட்டார். எல்டன் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். வீட்டுக்கு வந்து ஆர்லிஸிடம் சொன்னார்.

"கத்தினேன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள் ஆர்லிஸ். "கத்தினதாலதான் தப்பு நடந்ததுன்னு சொல்லேன். அவங்களைவிட உனக்குத்தான் ஆசை அதிகம்னு தெரியட்டும்."

"அது சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்."

"சாக்கு சொன்னாத்தான் என்ன? ஊர்ல எல்லாரும் சாக்குலதான் உயிர் வாழறாங்க" என்று ஆர்லிஸ் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஏப்ரலில் யான்சன் பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. தொட்டி நிரம்பிவிட்டது, வேறு ஆள் கிடைக்கவில்லை. எல்டன் குழாயை இறக்கி வேலை செய்துகொண்டிருந்தபோது கர்ட் கொட்டகையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் இயந்திரம் ஓடுகிறதைப் பார்த்தான்.

"மிஸ்டர் வோஸ், கரெக்டா எவ்வளவு பத்தல?"

எல்டன் கையுறையைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் காட்டினார். கர்ட் அதை உற்றுப் பார்த்தான்.

"அவ்வளவுதானா" என்றான். "இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கலாம் நான்." திரும்பிக் கொட்டகைக்குப் போய்விட்டான். அவன் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று எல்டனுக்குத் தோன்றியது. லாரியில் ஏறி ரொம்ப நேரம் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்டில் வெர்லின் வந்தான். வாசலிலேயே நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டு பேசினான். "கல்லூரியில சொல்லச் சொன்னாங்க. இந்த வருஷம் நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கலாமாம். பேங்க்ல இருக்கற டிர்க்கை கிளிப்புக்குப் போட்டிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் வேணாம்னுதான் சொன்னேன் மச்சான்" என்றான். சொன்னானோ இல்லையோ, அதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே பெரிது. எல்டன், "டிர்க் நல்ல பையன். எப்பவும் பின்னாலேர்ந்து வரச் சொல்லு" என்றார்.

செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு ஆர்லிஸ்தான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, பார்வையாளர் படிக்கட்டில், ஜனங்களோடு உட்கார்ந்தார் எல்டன். இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். சுற்றிலும் எல்லாரும் கத்தினார்கள். எல்டன் வாயைத் திறந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. பந்து எங்கே போகிறது என்றுகூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. கண் எதிர் ஓரத்தில், டிர்க்கின் மேலேயே இருந்தது. அவருடைய படியில் இரண்டு பக்கமும் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. கூட்டம் நிறைந்த நாள்தான், ஆனாலும் காலியாக இருந்தது.

நேர் முன் வரிசையில் லோயிஸ். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மூன்றாம் கால்பகுதியில் நாங்கள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். நாலாவது முயற்சியில் எங்கள் பையன் ஒருவன் குவியலுக்குள் விழுந்தான். ரெஃப்ரி சங்கிலியைக் கூப்பிட்டார். டிர்க் ஓடினான், குனிந்தான், அமுக்கினான். வெர்லின் கம்பை நட்டான். ரெஃப்ரி குனிந்து பார்த்துவிட்டு, கையை எதிர்ப்பக்கம் காட்டினார். பத்தவில்லை.

கூட்டம் எழுந்து நின்று திட்டியது. ரெஃப்ரியின் கண்ணையும், அவருடைய தாயாரையும், டிர்க் வேலை செய்கிற பேங்க்கையும் சேர்த்துத் திட்டியது. லோயிஸ் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பினாள். பத்து மாதத்துக்குப் பிறகு எல்டனுடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எல்டன், அது சரியா?"

அவள் கேட்டதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் திரும்பினார்கள். கடைத்தெருவில் கேள்வி கேட்ட அந்த ஆளும் இருந்தார். முப்பது நாற்பது முகங்கள், திட்டுகிற வாயைத் திறந்தபடியே, எல்டனுக்காகக் காத்திருந்தன. இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அந்தப் படிக்கட்டு முழுவதும் மைதானத்துக்குள் இறங்கியிருக்கும். ஆர்லிஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிதான்" என்றார். "பின்னாலேர்ந்துதான் வந்தான். சரியாத்தான் மாட்டினான். நமக்குப் பத்தல."

லோயிஸ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் திரும்பி, "உக்காருங்கய்யா எல்லாரும். பத்தலையாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் வரிசை உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் மற்ற வரிசைகளும் உட்கார்ந்தன.